பழைய வால்பேப்பரை உரிப்பது எப்படி: ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரனின் குறிப்புகள்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்குச் சமையலறைக் கத்தியுடன் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். பதினொரு மணிக்கு உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் தெரிந்தது. அதிலும் பாதி இடத்தில், சுவரை வழவழப்பாக்கப் பூசும் வெள்ளைப் பட்டி பெயர்ந்து சிமெண்டு பல்லிளித்தது. என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இந்த வேகத்தில் போனால் பேரனுக்குக் கல்யாணம் ஆகும்போது முடித்துவிடுவீர்கள்" என்றாள். பேரனுக்கு இப்போது வயது நான்கு.

அவமானம் அதுவல்ல. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரவள்ளி மாவைச் சோதித்துச் சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். மாவு எந்தச் சூட்டில் பசையாகும், எவ்வளவு நேரத்தில் ஊறும், எதைப் போட்டால் நீர்த்துப்போகும் என்பதெல்லாம் எனக்குச் சோறு போட்ட விஷயங்கள். சேலத்து ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே இனிப்பு கொடுத்தவன். அப்படிப்பட்டவன், தாளைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது பசைதான் என்பதை மறந்துவிட்டுக் கத்தியால் தாளோடு மல்லுக்கு நின்றேன். அன்று மதியம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, ஆலையில் செய்வதுபோல முதலில் சோதனையில் இறங்கினேன்.

இதற்குப் பிறகு இரண்டு இடங்களில் வேலை செய்திருக்கிறேன். ஒன்று, சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவர்: 12 அடி நீளம், 10 அடி உயரம், சிமெண்டுப் பூச்சின்மேல் பட்டி, அதன்மேல் செங்கல் போலப் புடைத்த வினைல் தாள். இன்னொன்று, ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டி என் அக்கா வீட்டு முன்னறை: பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், அதில் பூவேலை புடைத்த கெட்டித் தாள், தாளின்மேல் யார் யாரோ காலங்காலமாக அடித்த பெயிண்ட். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்திருந்தால் ஒன்றாவது பாழாகியிருக்கும்.

முதலில் தாளின் சாதியைப் பாருங்கள். கடைகளில் பெரும்பாலும் விற்பது 53 சென்டிமீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட சுருள். "57 சதுர அடி ரோல்" என்பார்கள். புடைப்பு வைத்த வினைல் தாளில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே பிளாஸ்டிக், அடியில் காகிதம். கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத கீழ்மூலையில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். மேல்தோல் தனியாக எழுந்தால் உங்களுக்கு நல்ல காலம். அதை நனைக்காமலே உரிக்கலாம். உங்களை நோக்கி இழுக்காதீர்கள். சுவரை ஒட்டியே, வாழைப்பட்டையை உரிப்பதுபோல மெதுவாக மேல்நோக்கி இழுங்கள். எங்கள் சுவரில் மேல்தோல் முழுவதும் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தோல்தான். அது இருக்கும்வரை மேலே எதை ஊற்றினாலும் தரைதான் நனையும்.

பின்பக்கத் தாளை உரித்து ஒட்டும் நுரைப் பலகைகள் இப்போது நிறைய வருகின்றன. அவை இந்தக் கணக்கில் சேரா. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, ஓரத்திலிருந்து நெம்பி எடுக்க வேண்டியதுதான். பட்டியும் சேர்ந்துதான் வரும், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இனி பசை. மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் கரைசல் வாங்கி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டு, சுவரில் தங்கியிருக்கும் பசைப் படலத்தைச் சுரண்டி ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். தாளின்மேல் விடாதீர்கள். காகிதம் செய்யும்போதே அதில் மாவு சேர்ப்பதுண்டு. தாள் நீலமாவதைப் பார்த்துப் பசையும் மாவுதான் என்று நினைத்துவிடுவீர்கள். சுரண்டிய பசை கருநீலமானால் அது மாவுப் பசை. மைதா, உருளைக்கிழங்கு, மரவள்ளி எதுவாக இருந்தாலும் சரி. அதற்கு வெந்நீர் வேண்டும்.

நீலமாகாமல் அயோடினின் பழுப்பு நிறமே இருந்தால், இன்னொரு துணுக்கை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு விரலால் தேயுங்கள். வெண்டைக்காய்ச் சாறு போல வழவழத்தால் அது செல்லுலோஸ் பசை. பொடியாக வாங்கிக் குளிர்ந்த நீரில் கரைத்து ஒட்டுவார்களே, அது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மெத்தில் செல்லுலோஸ் என்ற வகைக்கு உலகத்து நியாயமெல்லாம் தலைகீழ்: குளிர்ந்த நீரில் கரையும், சூட்டில் கட்டிப்படும். கொதிக்கும் நீரை வாரி அடித்தால் அது கரையாமல் கூழாகி நிற்கும். அதற்குப் பச்சைத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

மூன்றாவது கேஸ் ஒன்று உண்டு. ஊறிய துணுக்கு பால் வெள்ளையாக மாறி, ரப்பர் போல இழுபட்டால், ஒட்டியவர் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் கலந்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் சுவரின் ஓரங்களிலும் தாளும் தாளும் சேரும் இடங்களிலும் அதுதான். "ஆயுசுக்கும் எழாது சார்" என்று ஒட்டியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் செய்த ஏற்பாடு அது. இதற்கு நீராவி வேண்டும்.

சுவரையும் ஒருமுறை கேளுங்கள். திருப்புளியின் முனையால் ஒரு மூலையில் கீறினால், மாவு மாதிரி வெள்ளையாக உதிர்வது பட்டி. மணல் மணியாக உதிர்வது சுண்ணாம்புக் காரை. கீறலே விழாமல் கிறீச்சிட்டால் சிமெண்டு. வினிகரைத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்லும் அறிவுரையை நீங்கள் பல இடங்களில் கேட்டிருப்பீர்கள். அட்டைப்பலகைச் சுவர் உள்ள நாட்டில் அது சரியாக இருக்கலாம். ஏற்காட்டு வீட்டில் உதிர்ந்த காரைத் துணுக்கின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டினேன். சுர்ரென்று நுரைத்தது. அக்கா பயந்துவிட்டாள். காரை என்பது சுண்ணாம்பு. புளிப்பு அதைத் தின்னும். பட்டியிலும் அதே குடும்பத்துக் கல்மாவு உண்டு. தாளை எடுக்கப் போய் சுவரைக் கரைப்பானேன்? மாவுப் பசைக்கு வினிகர் தேவையே இல்லை. ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் நாளில் அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. தண்ணீர் சுவிட்சுப் பலகைக்குப் பின்னால்தான் முதலில் இறங்கும். வெளிச்சத்துக்கும் நீராவிக் கருவிக்கும் பக்கத்து அறையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம். பீரோவை நகர்த்தி, தரையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பழைய போர்வை ஒன்றைப் போடுங்கள். தார்ப்பாய் மட்டும் போட்டால் ஊறிய பசை அதன்மேல் வழுக்கும். நான் வழுக்கினேன். இடது முழங்கை பத்து நாள் வீங்கியிருந்தது.

கருவிகள் அதிகம் இல்லை. 4 அங்குல அகலத்தில் பெயிண்டர்கள் வைத்திருக்கும் பட்டித் தகடு ஒன்று. புதிதாக வாங்கினால் அதன் இரு முனைகளையும் அரத்தால் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளுங்கள். சுவரில் பள்ளம் விழுவது எப்போதும் அந்த முனைகளால்தான். இரண்டு வாளி, பஞ்சு, பழைய துண்டுகள், செடிக்குத் தண்ணீர் அடிக்கும் கைத்தெளிப்பான். ஏற்காட்டில் காபிச் செடிக்கு மருந்து அடித்த தெளிப்பானை மாமா எடுத்து நீட்டினார், வேண்டாம் என்றேன். மூடிய அறைக்குள் அந்த மருந்தை நாம் முகர வேண்டியதில்லை.

மாவுப் பசை என்றால், 5 லிட்டர் வெந்நீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல். சோப்பு பசையைக் கரைக்காது. தண்ணீரைக் காகிதத்துக்குள் சீக்கிரம் இறங்க வைக்கும், அவ்வளவே. மேலிருந்து கீழாக, ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் நனையுங்கள். முழுச் சுவரையும் ஒரேயடியாக நனைத்தால் நீங்கள் நாலாவது அடிக்கு வருவதற்குள் மீதி காய்ந்துவிடும். நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். மறுபடி நனையுங்கள். மறுபடி பத்து நிமிடம். மரவள்ளி மாவு தண்ணீரோடு சேர்ந்து பசையாவது ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரிச் சூட்டில். ஆனால் காய்ந்து இறுகிப்போன பசை மறுபடி இளகுவதற்குச் சூட்டைவிட நேரம்தான் முக்கியம். ஆலையில் புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் அடுப்பைக் கூட்டுவார்கள். பழையவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

சேலத்து வெயிலில் இதற்கும் ஒரு இடைஞ்சல். மாசி பிறந்தாலே சுவர் அனலாகிவிடுகிறது. நனைத்த தண்ணீர் ஐந்து நிமிடத்தில் ஆவியாகிப் போகும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நனைத்த இடத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டவையுங்கள். சலவைக்கடையிலிருந்து புடவைக்குப் போட்டு வரும் உறையைக் கிழித்து வைத்தேன். ஈரச் சுவரில் தானே ஒட்டிக்கொண்டது. நான் டீ குடித்துவிட்டு வந்து உறையை எடுத்தபோது காகிதம் சுருங்கி எழுந்து நின்றது. தகட்டைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளினால் தோசை திருப்புவதுபோல வந்தது. பலங்கொண்டு தள்ள வேண்டியிருக்கிறது, கை வலிக்கிறது என்றால் இன்னும் ஊறவில்லை என்று பொருள். தகட்டை வைத்துவிட்டு மறுபடி நனையுங்கள்.

விரைவாக முடிய வேண்டுமானால் மாவை அறுக்கும் நொதியைச் சேர்க்கலாம். நெசவில் பாவுக்குப் போட்ட கஞ்சியை நீக்கச் சாயப்பட்டறைகளில் பயன்படுத்துவார்கள். அமிலேஸ் என்று பெயர். சாயப்பட்டறைகளுக்குச் சரக்கு கொடுக்கும் ரசாயனக் கடைகளில் கேட்டால் தெரியும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் கலக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் பெரும்பாலும் செயலற்றுப் போகும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அந்த வேலையைச் செய்வதும் நம் எச்சிலில் உள்ள இதே நொதிதான். சுவரில் துப்பச் சொல்லவில்லை. என் வீட்டில் சுவரின் ஒரு பட்டைக்கு மட்டும் சேர்த்துப் பார்த்தேன். ஊறும் நேரம் பாதியானது. ஆனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, தெளிப்பானில் ஊற்றி அடித்து மூச்சில் இழுக்கவும் கூடாது. பஞ்சால் மட்டும் தடவுங்கள்.

வெள்ளைப் பசை உள்ள ஓரங்களுக்குத் துணி தேய்க்கும் நீராவிக் கருவி. என் மருமகளுடையது, கேட்டு வாங்கினேன். ஒரு இடத்தில் பத்துப் பதினைந்து வினாடிதான். அதற்குமேல் பிடித்தால் பட்டியும் பொதபொதவென்று எழும். நீராவி காட்டிய கையோடு, சூடு ஆறுவதற்குள் தகட்டைப் போட வேண்டும். ஆறினால் பழையபடி இறுகிவிடும். இந்த ஓரங்கள் மட்டுமே என்னுடைய இரண்டாம் நாளை முழுதாகத் தின்றுவிட்டன.

காகிதம் போனதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துப் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பசைப் படலம் சுவரெங்கும் இருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் சில மாதங்களில் மீன் செதிலாக வெடிக்கும். ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. சுத்தமான வெந்நீரும் பஞ்சும் கொண்டு இரண்டு முறை கழுவி, வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு மறுபடி அயோடின்: அறையின் நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு சொட்டு. நீலம் வந்தால் மறுபடி கழுவல். எங்கள் சுவரில் ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது முறையும் நீலம் வந்தது. கழுவிய தண்ணீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கழிவுக் குழாய்க்குள் போய் அது மறுபடி பசையாகத்தான் உட்காரும். வாளியில் தெளியவிட்டு, அடியில் நிற்பதைக் குப்பையோடு போடுங்கள்.

ஏற்காட்டு வேலை வேறு ஜென்மம். அங்கே பருவத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைக்கும் மலை அது. ஐப்பசியில் சுவரை நனைத்தால் தைக்குத்தான் காயும். பிப்ரவரி கடைசியில் போனேன். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாமான் ஏற்றிய வண்டியோடு மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது இன்னொரு காரணம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தாள் உரிக்க அது தாராளம். பருப்பு வேகத்தான் நேரமாகிறது என்று அக்கா முப்பது வருடமாகக் குறைப்படுகிறாள்.

அந்தப் புடைப்புத் தாள் பெயிண்ட் அடிப்பதற்கென்றே வந்த வகை. இங்கிலாந்தில் 1877இல் பிரெடரிக் வால்டன் லின்க்ரஸ்டா என்ற கெட்டிப் புடைப்பு விரிப்பைக் கொண்டுவந்தார். 1887இல் தாமஸ் பால்மர் காகிதக் கூழில் அனாக்ளிப்டா என்ற இலேசான, மலிவான வகைக்குக் காப்புரிமை பெற்றார். அக்கா வீட்டுத் தாள் யாருடைய வாரிசு என்று எனக்கென்ன தெரியும். அதன்மேல் இருந்த ஐந்தாறு பூச்சில் தண்ணீர் ஒரு சொட்டும் இறங்கவில்லை. இப்படிப்பட்ட தாளுக்கு மட்டும் கீறல் தேவை. 60 எண் உப்புத்தாளைச் சோப்புநீரில் தோய்த்து, புடைப்பின் முகடுகளை மட்டும் ஈரமாகவே தேய்த்துத் திறந்தேன். கம்பி பிரஷ் வேண்டாம். அழகாபுரத்தில் அதைப் போட்டு நான் சுவருக்குக் கொடுத்த கீறல்களைப் பட்டி வைத்து மூட ஒரு நாள் ஆனது.

ஈரமாக என்று சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த தூசி பறக்கக்கூடாது, பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது, என்95 முகக்கவசம் கழற்றக்கூடாது.

கீறிய பிறகு வெந்நீரில் பிழிந்த துண்டுகளைச் சுவரில் அப்பி வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல. ஒரு துண்டு ஆறும்போது அடுத்தது. இரண்டு மணி நேரத்தில் முதல் விரிப்பு ஒரு ஆள் உயரத்துக்கு முழுசாக மடிந்து விழுந்தது. பின்னால் கருப்புப் பூஞ்சை, ஒரு கரையான் தடம், பல்லி முட்டை ஓடுகள். மலைச் சுவர் மழைக்கு ஈரத்தைக் குடித்து வெயிலுக்கு வெளியே விட வேண்டும். தாளும் எண்ணெய்ப் பெயிண்டும் வாயைப் பொத்திவிட்டன. கரையான் தடம் கண்டால் சுவரோடு நிறுத்தாமல் கதவு நிலையையும் தட்டிப் பாருங்கள். அக்கா வீட்டு நிலையில் பாதி வெறும் கூடு.

பூஞ்சைக்குச் சோப்புநீர் தொட்டுத் துடைத்து, துடைத்த துணியை எறிந்துவிட்டு, காற்றோட்டத்தில் காயவிட்டால் பெரும்பாலும் போதும். பிளீச்சிங் கரைசல் அடித்தே தீருவேன் என்பவர்கள் ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: வினிகரோ, கழிப்பறை ஆசிடோ தொட்ட இடத்தில் அதை அடிக்கக்கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

உரித்த தாளை இலைச் சருகோடு கொளுத்திவிடலாம் என்று மாமா தீப்பெட்டியோடு வந்தார். வினைலோ ஈயப் பெயிண்டோ உள்ள எதையும் எரிக்கக்கூடாது. வினைல் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; ஈயம் புகையிலும் சாம்பலிலும் தங்கி, மழையோடு தோட்டத்துக்குள் போகும். சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தோம். மாமாவுக்கு வருத்தம்தான்.

சுவர் மூன்று வாரம் காய்ந்தது. காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சாண் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு இரவும் பகலும் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பொக்கான இடங்களைச் சுண்ணாம்பும் மணலும் கொண்டே பூசவைத்தோம். சிமெண்டு பூசலாம் என்ற கொத்தனாரோடு அக்கா அரை நாள் வாதாடினாள். பிறகு நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, சொட்டு நீலம் கலந்து, பால் பதத்தில் மூன்று பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் சுவரை இலேசாக நனைத்தோம். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். கல் சுண்ணாம்பு வாங்கி வீட்டிலேயே நீற்றுவதானால் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

மூன்றாவது பூச்சு காய்ந்த மறுநாள் பீரோவைப் பழைய இடத்திலேயே, ஆனால் காற்று போகும்படி சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தினோம். அந்த இடைவெளியில் துடைப்பம் நுழையாது, கை நுழையாது, பூனை மட்டும் நுழையும் என்று அக்கா இன்னும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.